அப்பாவுக்குப் போட்ட கும்பிடு

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற, இடைக்கால அரச பரம்பரையை நடத்தும் கணினி விளையாட்டை விளையாடுகிறேன். 1066-ல் இங்கிலாந்தில் தொடங்கினேன். என் மூன்றாவது ராஜா 31 வருடம் ஆண்டார். சிற்றரசர்கள் யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று கஜானாவில் சேர்ந்ததையெல்லாம் அவர்களுக்குப் பரிசாக அனுப்பினேன். விருந்து வைத்தேன், வேட்டைக்கு அழைத்துப் போனேன். மகனுக்கு ஜீனியஸ் குணமுள்ள ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துக் கட்டிவைத்தேன். கடைசி நாள்வரை எல்லா டியூக்குகளின், அதாவது பெரிய சிற்றரசர்களின், ஒப்பீனியனும் (ராஜாவைப் பற்றிய அபிப்பிராய எண்) பச்சையில்தான் இருந்தது. ராஜா இறந்து 19 வயது மகன் பட்டத்துக்கு வந்தான். இரண்டே வருடத்தில் நான்கு டியூக்குகள் ஃபேக்‌ஷன் என்ற எதிர்க்கூட்டமாகச் சேர்ந்து போரில் என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். அதே ஆட்கள்! இவர்களைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டது வீண்தானா? பயமுறுத்தித்தான் ஆள வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

அதே ஆட்கள் என்கிறீர்கள். ஆட்கள் அதேதான், ராஜா வேறு. உங்களுக்கு நடந்தது முழுக்க அதற்குள் இருக்கிறது.

ஒப்பீனியன் என்பது மைனஸ் 100-லிருந்து பிளஸ் 100 வரை போகும் எண். அதை நாட்டின் மேல், அரியணையின் மேல் உள்ள விசுவாசம் என்று நாம் படித்துக்கொள்கிறோம். அது ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் மட்டுமே. மவுஸை அந்த எண்ணின் மேல் வைத்துப் பாருங்கள், கணக்கு விரியும்: பரிசுக்கு இவ்வளவு, விருந்துக்கு இவ்வளவு, ராஜாவின் ஆலோசனை சபையான கவுன்சிலில் இடம் தராததற்கு இவ்வளவு கழிவு. நீங்கள் சேர்த்த வரவெல்லாம் அப்பா பெயரில் இருந்தது. அவர் போனபோது பெரும்பகுதி அவரோடு போய்விட்டது. எதிர்ப்பக்கமும் இப்படித்தான். 62 வயது டியூக்குக்குக் கொட்டிய தங்கம் அடுத்து வரும் அவர் மகனை எட்டாது.

அக்கால ஐரோப்பாவும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. சிற்றரசன் மண்டியிட்டு, கூப்பிய கைகளைத் தலைவனின் கைகளுக்குள் வைத்து, நான் உன் ஆள் என்று சொல்லவேண்டும். தலைவன் இறந்தால் வாரிசுக்கு முன்னால் மறுபடி மண்டியிட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

நீங்கள் ஆடும் அதே இங்கிலாந்தில், முதலாம் ஹென்றிக்கு அது நடந்தது. 1120 நவம்பரில் வெள்ளைக் கப்பல் என்ற பெயருள்ள கப்பல் மூழ்கி, முறைப்படி பிறந்த அவருடைய ஒரே மகன் வில்லியம் இறந்துபோனான். மிஞ்சியவள் மகள் மட்டில்டா. 1127-ல் ஹென்றி தன் பிரபுக்களை அழைத்து, உங்களுக்குப் பின் இவளைத்தான் ஏற்போம் என்று சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களில் அவருடைய சகோதரி மகன் ஸ்டீபனும் ஒருவன். 1131-ல் இன்னொரு தடவையும் சத்தியம் வாங்கினார். 1135 டிசம்பர் 1-ல் ஹென்றி இறந்தார். டிசம்பர் 22-ல் ஸ்டீபன் தலையில் கிரீடம் இருந்தது. அந்தப் பிரபுக்களில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் நடந்த உள்நாட்டுப் போர் 1153 வரை ஓயவில்லை.

பிரபுக்களை நன்றிகெட்டவர்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மட்டில்டா சின்ன வயதிலேயே ஜெர்மானியப் பேரரசருக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே வளர்ந்தவள். மறுமணம் பிரபுக்களுக்குப் பிடிக்காத, பிரான்சில் உள்ள ஆன்ஜூ (Anjou) நாட்டில். அப்பா இறந்த சமயத்தில், சீதனக் கோட்டைகளைக் கேட்டு அவரோடே சண்டையில் இருந்தாள். ஸ்டீபனோ அந்தப் பிரபுக்களோடு ஒரே அவையில் பழகி வளர்ந்தவன். ஹென்றி சத்தியங்கள் வாங்கினார், சரி. மகளுக்கென்று அந்த மனிதர்களோடு ஒரு உறவை அவர் கட்டிக்கொடுக்கவில்லை. நீங்களும் மகனுக்கு அதைத்தான் செய்யாமல் விட்டீர்கள்.

ஆகவே, ராஜாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டினால் டியூக்குகளுக்குப் பரிசு அனுப்புவதை நான் பெரும்பாலும் நிறுத்திவிடுவேன். அந்தத் தங்கம் மகனுக்காகக் கஜானாவில் இருக்கட்டும், பட்டத்துக்கு வந்த முதல் மாதத்தில் அவன் கையால் கொடுக்கட்டும். எல்லோருக்கும் சமமாகப் பங்குவைக்கவும் தேவையில்லை. ஃபேக்‌ஷனின் படைபலம் உங்கள் படைபலத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் அவர்களுக்குத் துணிச்சல் வரும். நாலு பேரில் அதிகப் படை வைத்திருப்பவன் ஒருவனைப் பிரித்துவிட்டாலே மற்ற மூவரும் அடங்கிவிடுவார்கள். அவனுக்குக் கவுன்சிலில் இடம் கொடுங்கள். மார்ஷலாக, அதாவது படைத்தலைவனாக, அவன் சுமார்தான் என்றாலும் பரவாயில்லை. பலமுள்ள சிற்றரசனை வெளியே நிறுத்திவிட்டு, திறமைசாலி என்று ஊர்பேர் தெரியாதவனை உள்ளே உட்காரவைப்பதுதான் பல ஆட்டங்களில் முதல் விரிசல்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். டிரெட், அதாவது ராஜா மேல் உள்ள பயத்தை அளக்கும் எண், வேலை செய்யும், மறுக்கவில்லை. நன்றாகப் பயந்துபோனவன் ஃபேக்‌ஷன் பக்கமே போகமாட்டான். ஆனால் தைரியசாலி குணம் உள்ளவனுக்கு அது அவ்வளவாக உறைக்காது, உங்களைக் கவிழ்க்கக்கூடியவனும் பெரும்பாலும் அவன்தான். அதோடு டிரெட் தானாகவே கரைந்துகொண்டிருக்கும். தக்கவைக்க வேண்டுமானால் மறுபடி ஒரு தலையை வாங்கவேண்டும். உங்கள் ராஜா இரக்க குணம் உள்ளவராக இருந்தால் ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு ஸ்ட்ரெஸ் ஏறும். அது 100-ஐத் தொட்டால் மனம் உடைந்து குடியிலோ வேறெதிலோ விழுவார். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சிற்றரசர்களின் மனதைக் கணக்குப் பார்க்கும் நமக்கு, நம் ஆளுக்கும் ஒரு மனம் இருப்பதை அது மறக்கவிடுவதில்லை. இரக்கமுள்ள ராஜாவை வைத்துக்கொண்டு கொடுங்கோல் ஆட்சி நடத்த நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஜீனியஸ் மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். பேரன் புத்திசாலியாகப் பிறக்கலாம், சரி. ஆனால் அந்தக் கல்யாணம் ஒரு தடவைதான் கிடைக்கும் வாய்ப்பு. ஒரு பெரிய டியூக்கின் மகளை எடுத்திருந்தால், மாமனாரோடு ஏற்படும் கூட்டணி மகனின் சொந்தக் கூட்டணி. அப்பா இறந்தாலும் அது இறக்காது. கூட்டணியில் இருப்பவன் உங்களுக்கு எதிரான ஃபேக்‌ஷனில் சேரவும் முடியாது.

பின்னால் போக விடாத அயர்ன்மேன் முறையில் ஆடவில்லை என்றால், சேமித்து வைத்த பழைய ஆட்டம் (சேவ்) இன்னும் இருக்கலாம். மகனுக்கு 16 வயதான வருடத்துக்குப் போங்கள். அந்த நான்கு டியூக்குகளில் யாருக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள் என்று முதலில் பாருங்கள்.