உச்சியில் நிற்கும் பந்து

அன்புள்ள ஐயா,

நான் பி.காம் படித்தவள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மாலையில் கூட உட்கார்ந்து பாடம் சொல்லித்தருகிறேன். கணக்குப்பதிவியல் என்றால் கவலையில்லை, அவள் எடுத்திருப்பதோ இயற்பியல். போன வாரத் தேர்வில், நேர்மேலே எறிந்த பந்தின் திசைவேகம்–காலம் வரைபடம் கேட்டிருந்தார்கள். மகள் ஒரு குன்று மாதிரி வரைந்தாள். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். சரியான விடை, மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நேர்கோடாம். பந்து மேலே போய்த்தானே கீழே வருகிறது? இன்னொன்று. உச்சியில் பந்து ஒரு கணம் நின்றுவிடுகிறது. நிற்கிற பொருளுக்கு 9.8 முடுக்கம் எங்கிருந்து வந்தது? “அப்படியே எழுது, மார்க் வரும்” என்று டியூஷனில் சொன்னார்களாம். எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு வாசகி, கும்பகோணம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் குன்று நல்ல படம்தான். உயரம்–காலம் வரைபடம் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். செங்குத்து அச்சில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கண்ணுக்குத் தெரிந்த காட்சியை வரைந்துவிட்டாள். இது அவளுக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டர்மாட் குழுவினர் 1980களில் கல்லூரி மாணவர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். வரைபடத்தை நடந்த சம்பவத்தின் சித்திரமாகப் பார்ப்பது, கோட்டின் உயரத்தையும் அதன் சாய்வையும் போட்டுக் குழப்பிக்கொள்வது எல்லாம் அங்கேயும் இருந்தது.

உங்களுக்கு எண்கள் பழக்கம் என்பதால் எண்களிலேயே பேசுவோம். பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம். திசைவேகம் என்றால் திசையோடு சேர்ந்த வேகம்; அது ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம். புவியீர்ப்பு தரும் அந்த 9.8ஐ 10 என்று வைத்துக்கொள்ளலாம், காற்றின் தடையை விட்டுவிடலாம். மேல்நோக்கியது கூட்டல், கீழ்நோக்கியது கழித்தல். எறிந்த கணத்திலிருந்து ஒவ்வொரு விநாடியும் திசைவேகம் 20, 10, 0, −10, −20 என்று போகும். உயரமோ 0, 15, 20, 15, 0 மீட்டர். இரண்டாவது வரிசையைப் புள்ளிவைத்து இணைத்தால் மகளின் குன்று வரும். முதல் வரிசையை இணைத்தால் அந்த நேர்கோடு வரும்.

இனி உங்கள் துறைக்கே வருகிறேன். ஒரு ஓவர்டிராஃப்ட் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறது. நாள்தோறும் 10 ரூபாய் எடுக்கிறார்கள். இரண்டாம் நாள் இருப்பு பூஜ்யம், மூன்றாம் நாள் −10. இருப்பு பூஜ்யமான அன்றைக்கு, எடுப்பதும் நின்றுவிட்டது என்று எழுதுவீர்களா? திசைவேகம் என்பது இருப்பு. முடுக்கம் என்பது நாள்தோறும் எடுக்கும் தொகை. பந்து உச்சியைத் தொட்டதற்கு 0.1 விநாடி முன்னால் திசைவேகம் +1, 0.1 விநாடி கழித்து −1. 0.2 விநாடிக்குள் 2 குறைந்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள், அதே 10தான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் எதிர்ப்பக்கமாக யோசியுங்கள். உச்சியில் திசைவேகமும் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தப் பூஜ்யம் மாறுவதற்கு வழியே இல்லை. பந்து அங்கேயே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மொட்டைமாடியிலிருந்து ஒரு கல்லைக் கைநழுவ விடும்போதும், விட்ட கணத்தில் அதன் திசைவேகம் பூஜ்யம்தான். அங்கே முடுக்கம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. உச்சியிலிருந்து இறங்கும் பந்தும் அந்தக் கல்லும் ஒரே கதைதான்.

இந்த இடத்தில் கலிலியோவே தடுமாறினார். 1604இல், நாற்பது வயதில், இத்தாலியின் பதுவாவில் கணிதப் பேராசிரியராக இருந்தபோது, வெனிஸ் நகரத் துறவியும் அறிஞருமான பாவ்லோ சார்ப்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். விழும் பொருளின் வேகம், அது விழுந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்பது அதில் அவர் வைத்த கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லை விட்ட கணத்தில் தொலைவு பூஜ்யம், ஆகவே வேகமும் பூஜ்யம். வேகம் இல்லாமல் தொலைவு அதிகரிக்காது, தொலைவு அதிகரிக்காமல் வேகம் வராது. கல் கிளம்பவே கிளம்பாது! பிற்பாடு தொலைவை விட்டுக் காலத்துக்கு மாறினார். 1638இல் லைடன் நகரில் அச்சான நூலில் வேகம் காலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மரச்சட்டத்தில் தடம் வெட்டி, அதில் வழவழப்பான தோல்தாள் ஒட்டி, சாய்வாக வைத்து வெண்கல உருண்டையை உருட்டிய சோதனையும் அதில்தான் இருக்கிறது. விநாடி காட்டும் கடிகாரம் கிடையாது. பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய்வழியே ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். இதைத் தேர்வில் கேட்கமாட்டார்கள், மகளுக்குச் சொல்லுங்கள்.

கழித்தல் குறி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த தேர்வில் அது வரும். “முடுக்கம் கழித்தல் என்றால் வேகம் குறைகிறது” என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். நம் பந்து மேலே போகும்போதும் முடுக்கம் −10, கீழே வரும்போதும் −10. ஆனால் இறங்கும்போது வேகம் கூடுகிறதே? திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், எதிர்க்குறிகளில் இருந்தால் குறையும். வெறும் கழித்தல் குறி, எந்தப் பக்கம் என்பதை மட்டும்தான் சொல்லும். கீழ்நோக்கியது கூட்டல் என்று நாம் முதலிலேயே வைத்திருந்தால் முடுக்கம் முழுக்க +10 ஆகியிருக்கும். பந்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

அந்த நேர்கோட்டில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் இரண்டு விநாடிகளில் கோட்டுக்கும் காலத்தின் அச்சுக்கும் நடுவே ஒரு முக்கோணம் தெரியும். அதன் பரப்பு ½ × 2 × 20, அதாவது 20. உச்சியின் உயரமும் 20 மீட்டர்! அச்சுக்குக் கீழே இருக்கும் முக்கோணத்துக்கு −20. கூட்டினால் பூஜ்யம், பந்து கைக்கு வந்துவிட்டது. இப்படி வேகத்தை உயரமாகவும் காலத்தை அகலமாகவும் வைத்துப் பரப்பைப் பார்க்கும் வித்தையை 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் நிக்கோல் ஓரேம் என்ற அறிஞர் செய்துவிட்டார், கலிலியோ பிறப்பதற்கு 200 வருடங்களுக்கு முன்பு.

சரி, கையால் செய்து பார்க்க ஒன்று. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி இருக்கிறது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானியை அது வரைபடமாகக் காட்டும். புவியீர்ப்பைக் கழித்துக் காட்டும் வகையைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஜவுளிக்கடையின் லிஃப்ட் தரையில், திரை மேலே பார்க்கும்படி போனை வையுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், மிதித்துவிடப் போகிறார்கள். மேல்தளத்துக்குப் போகையில், கிளம்பும்போது அச்சுக்கு மேலே ஒரு மேடு வரும். அப்புறம் லிஃப்ட் ஒரே சீராக ஏறும்போது கோடு பூஜ்யத்தை ஒட்டியே நடுங்கிக்கொண்டு போகும். வேகம் இருக்கிறது, முடுக்கம் இல்லை. நிற்கப் போகும்போது அச்சுக்குக் கீழே ஒரு பள்ளம்.

இறங்கும் பயணத்துக்கு எது முதலில், மேடா பள்ளமா என்பதை லிஃப்டில் ஏறும் முன்பே மகள் நோட்டில் வரைந்துவிடட்டும். உச்சியில் நிற்கும் பந்தைப் புரிந்துகொண்டிருந்தால் சரியாக வரைந்துவிடுவாள். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்