ஆண்டுக்கு இரண்டு கட்டுரை, பத்து அட்மிஷன்

கேள்வி: தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். ஸ்கோபஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) இதழ்களில் ஆண்டுக்கு இரண்டு கட்டுரை வர வேண்டும், பத்து மாணவர்களை அட்மிஷனுக்குப் பிடித்துவர வேண்டும் என்று டார்கெட். தவறினால் இன்க்ரிமென்ட் கிடையாது. ஆசையாகத் தொடங்கிய நிலத்தடி நீர் ஆய்வு பாதியில் கிடக்கிறது. பணம் கட்டினால் தயார் கட்டுரையில் என் பெயரைச் சேர்ப்பதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். 'எல்லாரும் செய்வதுதானே' என்கிறார்கள் சக ஆசிரியர்கள். வீட்டுக்கடன் இருப்பதால் வேலையை விடவும் முடியாது. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்யுங்கள். நியாயம், தர்மம் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்வது வெறும் லாப நஷ்டக் கணக்கு. 2023-இல் மட்டும் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகம் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை, முறைகேடு காரணமாகத் திரும்பப் பெற்றது. அப்படித் திரும்பப் பெற்றாலும் கட்டுரை இணையத்திலிருந்து மறைவதில்லை. ஆசிரியர் பெயர்களோடு, மேலே 'திரும்பப் பெறப்பட்டது' என்று முத்திரை குத்தப்பட்டு அங்கேயே கிடக்கும். டார்கெட் வைத்த நிர்வாகம் அன்றைக்கு உங்கள் பக்கம் நிற்காது.

இந்த டார்கெட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. பல்கலைக்கழகங்களுக்கான மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு மட்டும் 30 சதவீதம். அதிலும் கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோள்களுக்கும்தான் பெரும்பங்கு. தரவரிசை ஏறினால் அட்மிஷன் ஏறும். அந்தக் கணக்கு டீன், துறைத்தலைவர் என்று படிப்படியாக இறங்கி உங்கள் மேஜையில் வந்து உட்காருகிறது. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் (NAAC) குழு வருகிறதென்றால் இன்னும் வேடிக்கை. சிறப்பு விருந்தினர் வாயைத் திறக்கும் முன்பே ஆதாரத்துக்கு ஜியோ டேக் போட்டோ (எடுத்த இடம் பதிவான படம்) எடுத்தாகிவிடும். அப்புறம் அவர் என்ன பேசினால் யாருக்கென்ன?

வேலைப்பளு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப் படும் சேதம் வேறு: எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதையே டார்கெட் தீர்மானித்துவிடுகிறது. நிலத்தடி நீரை ஆராய மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்ரைசல் படிவம் காத்திருக்காதே! ஆறு மாதத்தில் முடிகிற, யாருக்கும் தேவைப்படாத ஆய்வுக்குக் கை தானாகப் போகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், அந்தப் பரிசுக்குரிய ஆய்வை வெளியிட்ட 1964-க்குப் பிறகு பத்துக் கட்டுரைகூட எழுதவில்லை. துறையில் புதிய கட்டுரைகளின் பட்டியல் கேட்டால் 'எதுவுமில்லை' என்று எழுதி அனுப்புவாராம். இன்றைய சூழலில் தனக்குக் கல்விப் பணியே கிடைத்திருக்காது என்று 2013-இல் அவரே சொன்னார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீர் ஆய்வைக் கைவிடாதீர்கள். ஒரு பருவத்துத் தரவும் அளவீட்டு முறையும் சேர்ந்தாலே நேர்மையான ஒரு கட்டுரை தேறும். ஒரே ஆய்வை ஐந்தாக நறுக்கச் சொல்லவில்லை, ஒன்றே போதும். இரண்டாவதற்கு, அரசுக் கல்லூரியிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ இதே துறையில் இருக்கும் ஒருவரோடு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இருவருமே உண்மையில் உழைத்தால் இருவர் பெயரும் வருவதில் தப்பில்லை.

டீனிடம் பேசும்போது அறிவின் தூய்மை பற்றியெல்லாம் ஆரம்பிக்காதீர்கள், காதில் ஏறாது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு என்.ஐ.ஆர்.எஃப். 2025 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. 'விலைக்கு வாங்கிய கட்டுரை நம் ரேங்கைத்தான் கீழே இழுக்கும் சார்' என்று சொல்லிப் பாருங்கள். அது அவருக்குப் புரிகிற பாஷை.

அட்மிஷன் விஷயத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்பர் பட்டியலை வைத்துக்கொண்டு, முனைவர் பட்டம் பெற்றவர்கள் கால் சென்டர் மாதிரி போன் போடுவது அவமானம்தான். ஆனால் அதை நீங்கள் தனியாளாக நிறுத்த முடியாது. டார்கெட்டை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், வாய்மொழியாகச் சொன்னதை நீங்களே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். 'இன்ன இன்ன நாள் வகுப்பை விட்டு இந்த வேலைக்குப் போனேன்' என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இன்க்ரிமென்டை நிறுத்தினால் கேள்வி கேட்க அதுவே ஆதாரம்.

வேலையை இப்போது விட வேண்டாம். அரசுக் கல்லூரி வேலைக்கான டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்புகளில் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள். இன்னொன்று: உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் நிர்வாகத்திடம் இருந்தால், இந்த மாதமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.