அபுதாபியிலிருந்து கனடா: வேலையை விடாதீர்கள், ஏஜென்ட்டை விடுங்கள்

கேள்வி: அபுதாபியில் 9 ஆண்டுகளாக ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். வயது 38, மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா. மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் கனடாவில் குடியேற ஆசை. 35,000 திர்ஹாம் கொடுத்தால் வேலைக் கடிதம் வாங்கித் தருவதாகவும், விசிட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றும் துபாயில் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். இல்லையென்றால் வேலையை விட்டு ஊருக்கு வந்து விண்ணப்பிக்கலாமா? டொராண்டோவில் பெரியப்பா குடும்பம் இருக்கிறது.

பதில்: வேலையை விடாதீர்கள். ஊருக்கும் வர வேண்டாம். கனடா நிரந்தர வதிவிடத்துக்கு, புள்ளிகளை வைத்து ஆளெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தின் வழியாக நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

முதலில் அந்த ஏஜென்ட். வேலைக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் கிடைத்துவந்த 50, 200 புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்றே கனடா எடுத்துவிட்டது. கடிதங்கள் சந்தையில் விலைக்குப் போனதுதான் காரணம். செத்துப்போன சரக்கை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். விசிட் விசாவில் போய் உள்ளேயே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் சலுகை கோவிட் காலத்தில் வந்தது. அதுவும் 2024 ஆகஸ்ட் 28 உடன் முடிந்தது. போலிக் கடிதம் பிடிபட்டால் ஐந்து ஆண்டு தடை. அது உங்கள் மேல்தான் விழும், ஏஜென்ட் மேல் அல்ல. காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தைக் கையாள, அந்நாட்டின் வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்.

இப்போது உங்கள் கணக்கு. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் நுழையவே 100க்கு 67 புள்ளி வேண்டும். வயதுக்கு 9, அனுபவத்துக்கு 15. டிப்ளமா மதிப்பீட்டில் 21 கூட வரலாம், நான் 19 என்றே வைக்கிறேன். மொத்தம் 43. மீதி ஆங்கிலத்தில். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் 16 புள்ளி, 59தான் வருகிறது. கேட்டலில் 8, மற்றவற்றில் 7 எடுத்தால் 24, சரியாக 67. ஒன்பது ஆண்டு வெயிலில் டக்ட் வேலை பார்த்தவரிடம் எழுத்துத் தேர்வில் 7 கேட்கிறார்கள். என்ன செய்வது, விதி அப்படி.

ஆனால் கூடுதலாக இரண்டு ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. உங்கள் மனைவியும் தேர்வு எழுதி, கேட்டல் 4.5, வாசிப்பு 3.5, எழுத்து 4, பேச்சு 4 எடுத்தால் ஐந்து. இதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் கமிஷன் இல்லை.

இன்னொரு ஐந்து உங்கள் பெரியப்பா. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். பெரியப்பா கணக்கில் வருவார். அவருடைய மகன், உங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவராக இருந்தாலும், வரமாட்டார். அத்தை, மாமா, சித்தி வருவார்கள். அவர்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள். உங்கள் மனைவியின் அண்ணன், தங்கை வருவார்கள். அவளுடைய மாமன் மகன் வரமாட்டான். பெரியப்பா குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றவராக இருந்து, கனடாவிலேயே வசிக்கவும் வேண்டும். மகன் மட்டும் அங்கே, பெரியப்பா ஊரில் என்றால் பூஜ்யம். அவரும் அப்பாவும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் காகிதத்தில் காட்டவேண்டும். அந்தத் தலைமுறையில் பிறப்புச் சான்றிதழ் இருப்பது அபூர்வம். எனவே இருவர் பாஸ்போர்ட்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் தாத்தா பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் முழுப்பெயர் என்றால் இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள்.

இரண்டு ஐந்தும் கிடைத்தால் எல்லாவற்றிலும் 6 எடுத்தாலே 69 வந்துவிடும்.

அதன்பிறகு, மேலே சொன்ன தரவரிசைக்காக 1200க்கு இன்னொரு கணக்கு. அதற்கும் பெயர் புள்ளிதான், குழப்புவதற்கென்றே வைத்ததுபோல. விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வருவது அதை வைத்துத்தான், எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. மனைவியோடு விண்ணப்பிக்கும் உங்களுக்கு 38 வயதில் 55 புள்ளி, 39இல் 50, 40இல் 45, 41இல் 35. நீங்கள் காத்திருக்கும்போதே அது குறைந்துகொண்டு போகும்.

பணம்: நால்வர் குடும்பத்துக்கு 2025 ஜூலை நிலவரப்படி 28,362 கனடா டாலர் கையிருப்பு காட்டவேண்டும். வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி உங்களுக்கு ஏறக்குறைய ஏழரை மாத அடிப்படைச் சம்பளம் வரும், ஆனால் வேலையை விட்டால்தானே கைக்கு வரும்? அதனால் அதை நம்பாதீர்கள். கடன் வாங்கியும் காட்டக்கூடாது. ஊரில் நிலத்தை விற்றால் பத்திரத்தில் எழுதிய தொகைதான் கணக்கு. மேசைக்கடியில் வாங்கிய மீதியைக் கனடா அதிகாரியிடம் விளக்கமுடியாது.

கடைசியாக, கம்பெனிக் கடிதம். சம்பளச் சான்றிதழ் இரண்டு வரி போதாது. செய்த வேலைகள், வார மணிநேரம், சம்பளம் எல்லாம் இருக்கவேண்டும். விசாவில் ‘ஹெல்பர்’ என்று போட்டுவிட்டு மெக்கானிக் வேலை வாங்கும் கம்பெனிகள் அங்கே ஏராளம். உங்களுடையதும் அப்படியென்றால், நல்ல உறவில் இருக்கும்போதே எச்ஆரிடம் பேசுங்கள். ராஜினாமா கொடுத்தபின் அந்தக் கடிதம் வருவது கஷ்டம். அமீரகப் போலீஸ் சான்றிதழும் எமிரேட்ஸ் ஐடி கையில் இருக்கும்வரைதான் சுலபம்.

இந்த மாதம் செய்யவேண்டியது ஒன்றே: இருவருக்கும் ஐஇஎல்டிஎஸ் தேதி போடுங்கள். ஜெனரல் டிரெய்னிங் வகைத் தேர்வு, அகாடமிக் அல்ல. மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும்.