வாசகர் கேள்வி: எபர்பாக் மடமும் இரண்டு புட்டி ரீஸ்லிங்கும்

கேள்வி: ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு நாள் கையில் இருக்கிறது. ரைன்காவ் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எபர்பாக் மடத்துக்கு ரயிலில் போய்வர முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாக. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே பலர் கோட்டை விடுகிறார்கள். 'எபர்பாக்' என்று தட்டினால் ஹைடல்பெர்க் பக்கம் நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கும் வேறொரு ஊர் வரும். நீங்கள் எடுக்க வேண்டியது எல்ட்வில்லெ. வீஸ்பாடன் வழியாகப் போகும் ஆர்பி 10 என்ற உள்ளூர் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். மைன்ஸ் வழியாகக் கோப்லென்ஸ் போகும் வண்டியில் ஏறிவிட்டால் ரைன் நதியின் எதிர்க்கரைக்குப் போய்விடுவீர்கள்; அந்தப் பக்கம் கடந்து வரப் பாலமும் இல்லை. எல்ட்வில்லெ நிலையத்திலிருந்து 172ஆம் எண் பேருந்து கீட்ரிஷ் வழியாக மடத்துக்குப் போகிறது. அடிக்கடி கிடையாது. இறங்கியதும் திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கேள்வி: உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?
– வாசகர், திருச்சி

பதில்: துறவிகள் உறங்கிய கூடத்தை. நீளம் சுமார் 72 மீட்டர். வடக்கே போகப் போகத் தரை லேசாக ஏறும், தூண்கள் குட்டையாகும். அதனால் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். வடகோடிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள், அந்த மாயம் கலைந்துவிடும்.

கிளேர்வோவின் புனித பெர்னார்ட் 1136இல் தொடங்கிய, சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிச் சபையின் மடம் இது, 1803இல் கலைக்கப்பட்டது. அலங்காரம் வேண்டாம் என்பது இந்தச் சபையின் ஒழுங்கு. மடத்தின் தேவாலயத்தில் சிற்பமும் வண்ணமும் தேடுபவர் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். தோட்டத்தில் உழைத்த சகோதரர்களுக்கு உணவுக்கூடம்கூடத் தனி. அங்கேதான் இப்போது திராட்சை பிழியும் பழைய மரப்பொறிகள் நிற்கின்றன. மிகப் பழையது 1668ஐச் சேர்ந்தது. நேரம் குறைவென்றால் வேறெதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள்.

கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், கல் கட்டடம் சில்லிடும். இசைவிழாக் காலத்தில் தேவாலயத்துக்குள்ளேயே கச்சேரி நடக்கும். அன்று சுற்றிப் பார்க்க முடியாமல் போகலாம். நாட்காட்டியை முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: எந்த ஒயின் வாங்கலாம்? எத்தனை புட்டி கொண்டுவரலாம்?
– வாசகர், சென்னை

பதில்: இந்தப் பக்கத்து வெள்ளைத் திராட்சை ஒயினான ரீஸ்லிங் என்றாலே இனிக்கும் என்று நினைக்காதீர்கள். லேபிளில் 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பு மிகக் குறைவு. 'ஃபைன்ஹெர்ப்' லேசாக இனிக்கும். நம் காரத்துக்கு இரண்டாவதுதான் சரி. 'கபினெட்' என்பது பழம் பறித்தபோது இருந்த பக்குவத்தைச் சொல்வது, இனிப்பின் அளவை அல்ல. துறவிகளே மதில் கட்டி வளர்த்த தோட்டத்தின் சரக்கு வேண்டுமானால் 'ஸ்டைன்பெர்கர்' என்ற பெயரைத் தேடுங்கள்.

இந்தியாவுக்குள் ஒருவருக்குத் தீர்வையின்றி 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவதுக்கு வரி கட்ட வேண்டிவரும். செக்-இன் பெட்டியில், துணிகளுக்கு நடுவே வையுங்கள். பெட்டியின் ஓரத்தில் வைத்தால்தான் உடைகிறது.