வீவக வீடா, பழைய கடைவீடா: சிங்கப்பூரில் ஓர் ஆர்க்கிடெக்ட் எதில் தொடங்கலாம்?

கேள்வி: தமிழ்நாட்டில் பி.ஆர்க் முடித்துவிட்டு சிங்கப்பூரில் வேலை தேடுகிறேன். எளிய மக்களுக்கான வீடு, பழங்கட்டடச் சீரமைப்பு இரண்டிலும் ஆர்வம் உண்டு. எதில் தொடங்கலாம், எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்?

பதில்:

இரண்டையும் செய்யலாம். ஆனால் முதலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வேலை, பிறகு கடைவீடு (கீழே கடையும் மேலே வீடுமாக வரிசையில் ஒட்டிக் கட்டிய பழைய கட்டடம்) என்ற வரிசையைத்தான் சொல்வேன். சீரமைப்பு செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் சின்னவை. ஆளை எடுத்து அனுமதி விண்ணப்பத்தின் அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

பட்டம் பற்றி ஒரு வார்த்தை. கட்டடக் கலைஞர்கள் வாரியத்தில் பதியாதவர் இங்கே தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது, அது சட்டம். வாரியம் ஏற்கும் பட்டங்களில் உங்களுடையது இருக்கிறதா என்று விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பதிவுக்கு உள்ளூர் அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் வேண்டும். அதுவரை வரையலாம், தள வேலையைப் பார்க்கலாம். அரசுக்குப் போகும் வரைபடத்தில் கையெழுத்து மட்டும் போட முடியாது.

சிங்கப்பூரில் 'கட்டுப்படியான வீடு' என்றால் நடைமுறையில் வீவகதான். 1960இல் தொடங்கிய கழகம். இன்று குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிக்கும் மேல் அதன் வீடுகளில் இருக்கிறார்கள். அதனால் ஒன்று கழகத்துக்குள்ளேயே வேலை, அல்லது அதன் திட்டங்களை ஒப்பந்தப்புள்ளி மூலம் பெறும் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. டக்ஸ்டனில் நிற்கும் பினக்கிள் என்ற வீவக குடியிருப்பு மாதிரி 50 மாடி, 1,848 வீடு, போட்டி வைத்துத் தேர்ந்த வடிவம் எல்லாம் எப்போதாவது வருவது. அன்றாடம் உங்கள் மேசைக்கு வருவது சுமார் 90 சதுர மீட்டர் நாலறை வீட்டின் தரைப்படம்: போர்க்காலத்தில் தஞ்சம் புகுவதற்கான, இடிக்கவே கூடாத வீட்டுப் பாதுகாப்பறையை எங்கே வைப்பது, மேற்கு வெயில் எந்த அறையில் விழுகிறது, குப்பைக் குழாய் எங்கே இறங்குகிறது என்பதெல்லாம்தான்.

சலிப்பான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே ஒரு பிழை நூற்றுக்கணக்கான வீட்டில் அப்படியே அச்சாகும். குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் ஓடு பதித்து, குழாய் பொருத்தி, முழுப்பெட்டியாகவே வந்து இறங்கும். பெட்டியின் அடித்தளத்துக்கும் ஓர் உயரம் உண்டு. அதற்கேற்ப அந்த இடத்தில் மட்டும் தளத்தைத் தாழ்த்தி வார்த்திருக்க வேண்டும். அந்த அளவு தவறினால் குளியலறைத் தரை வெளித்தரைக்கு மேலே நிற்கும். சக்கர நாற்காலி ஏறாது. தளத்தை வார்த்த பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. முன்வார்ப்பு (முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும்) வெளிச்சுவர் இணைப்பும் அப்படித்தான். வெளிப்புற ரப்பர்ப் பசையை மட்டும் நம்பினால் அது வெயிலில் காய்ந்து வெடித்ததும் மழை உள்ளே வரும். கிடைமட்ட இணைப்பில் உள்பக்கம் ஒரு படி உயர்த்தி வார்த்தால் பசை போனாலும் தண்ணீர் மேலே ஏற வேண்டியிருக்கும், நின்றுவிடும்.

பழைய புளோக்குகளில் மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் வயதாக ஆகக் காற்றின் கரியமில வாயு உள்ளே இறங்கி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. கம்பி பாதுகாப்பை இழக்கிறது. ஈரம் சேர்ந்ததும் துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பெயர்ந்த இடத்தில் சாந்தை அப்பிவிட்டால் போதாது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, பிறகே ஒட்ட வேண்டும். மேல்வீட்டுத் தரையின் நீர்த்தடுப்பைப் புதுப்பிக்காமல் கீழே ஒட்டுவது வெட்டிச் செலவு.

இனி கடைவீடு. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலியவை பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பாதுகாப்பில் உள்ளன. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கொள்கை சுருக்கமானது: கூடியவரை வைத்துக்கொள், பார்த்து மீட்டெடு, கவனமாகப் பழுது பார். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் வீடு முழுவதுமே பாதுகாப்பில் வரும்: முகப்பு, பொதுச்சுவர், மர உத்தரம், நடுமுற்றம், ஓடு எல்லாமே.

அங்கே முதல் எதிரி ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். பழைய செங்கல் மெத்தென்றது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தரையீரத்தை உறிஞ்சும், பிறகு காற்றில் விட்டுவிடும். பிற்காலத்தில் யாரோ மேலே சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்திருப்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே மாவாக உதிர்க்கிறது. ஓதக்கோட்டுக்கு அரை மீட்டர் மேல்வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். இணைப்புகளைச் சுரண்டி, சுவரை உலர விடுங்கள். இதில் அவசரம் காட்டினால் எல்லாம் வீண். தேவைப்பட்டால் அடிவரிசையில் ஓதத்தடுப்பு மருந்து ஏற்றலாம். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஒரு பூச்சுக்கு 10 மி.மீ. அளவில், ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது. மேலே ஈரத்தை விடும் கனிமப் பெயின்ட். ஒப்பந்தக்காரர் 'கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்' என்பார். விடாதீர்கள்.

அடுத்தது உத்தரத்தின் முனை. நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும், சுவருக்குள் நுழையும் ஒரு சாண் மட்டும் உளுத்துப்போயிருக்கும். சுத்தியலால் தட்டுங்கள், ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். முனையை வெட்டி, எஃகுத் தகடு வைத்துப் புதுமரம் இணைத்தால் பழைய உத்தரம் பிழைக்கும். பக்கத்து வீட்டு உத்தரமும் அதே பொதுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தொடங்குமுன் பக்கத்து வீட்டு விரிசல்களைப் படமெடுத்து, விரிசல் அகலுகிறதா என்று பார்க்க அளவுகாட்டி ஒட்டிவிடுங்கள். பிற்பாடு வழக்கென்று வந்தால் அதுதான் காப்பாற்றும். மரத்தளத்துக்கான தீயணைப்பு விதிகளையும் ஆரம்பத்திலேயே பேசி முடியுங்கள். கடைசியில் பேசினால் அழகான உத்தரமெல்லாம் பலகைக்குள் மறைந்துவிடும்.

தமிழ் தெரிந்த ஆர்க்கிடெக்டுக்கு இங்கே ஒரு தனி இடம் உண்டு: கோயில்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் தேசிய நினைவுச்சின்னம். அங்கே 2023இல் குடமுழுக்கு நடந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஸ்தபதி பேசுவதும் பொறியாளர் பேசுவதும் வேறுவேறு மொழி. சுதைச் சிற்பத்தின் கை ஏன் வெடிக்கிறது? உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்புவதால். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு ஏறும் எனாமல் பெயின்ட் படலம் ஈரத்தை உள்ளே பூட்டி அதை விரைவுபடுத்துகிறது. வீவக கான்கிரீட்டில் நடக்கும் அதே சங்கதி. இதை இரு தரப்புக்கும் புரியவைக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இரண்டு துறையும் ஒரே கட்டடத்தில் சந்திப்பதைப் பார்க்க தியோங் பாருவுக்குப் போங்கள். வீவகவுக்கு முன்பிருந்த அரசு அமைப்பான சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1930களில் கட்டத் தொடங்கிய குடியிருப்பு. போருக்கு முந்தைய 20 புளோக்குகளுக்கு 2003இல் பாதுகாப்பு கிடைத்தது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முப்பரிமாணப் படங்களைக் குவிக்காதீர்கள். ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை நாடா பிடித்து அளந்து, தரைப்படம், வெட்டுத்தோற்றம், பழுதுகளைக் குறித்த சுவர்ப்படம் மூன்றும் வரையுங்கள். கூடவே ஒரு குளியலறை இணைப்பை 1:5 அளவில், தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டி வரையுங்கள். நேர்காணலில் அந்த நாலு தாளைப் பற்றித்தான் கேட்பார்கள்.