ஜிம்மா, கர்லாக்கட்டையா?

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். தசைக்கும் பயிற்சி தேவை என்கிறார்கள். மகன் ஜிம்முக்கு அழைக்கிறான். அண்ணனோ கர்லாக்கட்டைதான் நம் உடம்புக்கு ஏற்றது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது மட்டும் போதாது. தோளுக்கும் மார்புக்கும் நடையில் பெரிதாக வேலை இல்லை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால் உங்களுக்கு இது இரட்டை நஷ்டம். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

தசை வளர்வதற்குப் பளு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். ஜிம்மில் இரண்டரை கிலோ, ஐந்து கிலோ என்று ஏற்றிக்கொண்டே போகலாம். மகன் பக்கம் உள்ள நியாயம் அது. தலையைச் சுற்றிச் சுழற்றும் கனமான மரக்கட்டையான கர்லாக்கட்டை, தோளுக்கும் கைப்பிடிக்கும் அருமையான பயிற்சி. ஆனால் தொடைக்கு அதில் அதிக வேலை இல்லை. தவிர, சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். கையைத் தலைக்கு மேல் வலியின்றித் தூக்க முடிந்தால் மட்டும், ஆறு மாதம் கழித்து, தெரிந்த ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வீடே போதும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுங்கள். மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடியும் பத்து. கடைசி இரண்டு முறை கொஞ்சம் திணற வேண்டும். திணறாவிட்டால் கையில் எடை சேருங்கள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை அடக்கி உந்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தண்டாலைச் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, பிறகு மேசை, அப்புறம் தரை என இறங்குங்கள். இதையெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். மறுநாள் தசை வலிப்பது சகஜம். மூட்டு வலித்தால் நிறுத்துங்கள். நெஞ்சு இறுகினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தொடங்கும் முன் விழித்திரைப் பரிசோதனை அவசியம். விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் கனமான எடை தூக்கக் கூடாது. உங்கள் மாத்திரை கிளிமிபிரைடு வகையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வகை என்றால் பயிற்சியின்போது சர்க்கரை தாழக்கூடும். மகன் வாங்கிவரும் புரோட்டீன் பவுடர் டப்பாவை, சிறுநீரகப் பரிசோதனை முடிவு வரும்வரை திறக்க வேண்டாம்.