பழைய தின் கிளையன்ட்டில் லினக்ஸ்: கேள்வி – பதில்

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் கடையில் ஹெச்பி டி620 என்ற தின் கிளையன்ட் (சர்வரோடு இணைத்துப் பயன்படுத்தும் சிறிய கம்ப்யூட்டர்) வாங்கினேன். ஏஎம்டி ஜிஎக்ஸ்-217ஜிஏ ப்ராசசர், 4 ஜிபி ரேம், 16 ஜிபி ஃப்ளாஷ். லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 12 எந்தப் பிழையும் காட்டாமல் நிறுவி முடிந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பூட் ஆகவில்லை. டிஸ்க்கே இல்லை என்கிறது. மூன்று முறை நிறுவியும் அதே நிலைதான். ஃப்ளாஷ் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. லினக்ஸ் உள்ளேதான் இருக்கிறது. கம்ப்யூட்டரை முதலில் துவக்கும் மென்பொருளான பயாஸுக்கு அதன் விலாசம் தெரியவில்லை. யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் டெபியன் தன் பூட் கோப்பை ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'டெபியன்' என்ற ஃபோல்டருக்குள் வைத்து, அந்த இடத்தை மதர்போர்டின் நினைவகத்தில் பதிகிறது. பழைய பயாஸ்கள் சில இந்தப் பதிவை மறந்துவிடும், அல்லது கண்டுகொள்ளாது. அவை தேடுவது ஒரே இடத்தில்: 'பூட்' ஃபோல்டரில் இருக்கும் பூட்எக்ஸ்64 கோப்பு. எத்தனை முறை நிறுவினாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

மறுபடி நிறுவாதீர்கள். அதே பென்டிரைவில் பூட் செய்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரெஸ்க்யூ மோடுக்குப் போங்கள். பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை வரலாம். யூஇஎஃப்ஐ என்று இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். லெகசியில் (பழைய பூட் முறை) நுழைந்தால் இந்தச் சிகிச்சை பலிக்காது. ரூட் பார்ட்டிஷனைக் காட்டுங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் இணைக்கவா என்று கேட்டால் 'ஆம்'. அடுத்து வரும் பட்டியலில், ரிமூவபிள் மீடியா பாதையில் கிரப்பை (லினக்ஸைத் துவக்கும் நிரல்) கட்டாயமாக நிறுவும் வரியைத் தேர்ந்தெடுத்தால், அந்த 'பூட்' ஃபோல்டரிலும் ஒரு பிரதி விழுந்துவிடும். ஒரு நிமிட வேலை.

கேள்வி: 16 ஜிபி போதுமா? ஹெச்பி டி620-இல் ரேமும் டிஸ்க்கும் கூட்டலாமா?

பதில்: எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப் என்றால் போதும், க்னோம் வேண்டாம். ஈஎஃப்ஐக்கு 512 எம்பி ஒதுக்கி, மீதி முழுவதையும் ஒரே இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனாக விடுங்கள். ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) பார்ட்டிஷன் இல்லையே என்று இன்ஸ்டாலர் எச்சரிக்கும்; திரும்பிப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்வாப் ஓயாமல் எழுதி எழுதியே சிறிய ஃப்ளாஷைத் தேய்த்துவிடும். அதற்குப் பதில் இசட்ரேம் வைத்தால், ரேமிலேயே தரவைச் சுருக்கிச் சமாளிக்கும்.

டி620-க்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் லேப்டாப் ரேம் வாங்குங்கள். டிஸ்க் எம்.2 வடிவம்தான், ஆனால் சாட்டா வகை மட்டுமே வேலை செய்யும். கடையில் இப்போது முதலில் எடுத்து நீட்டுவது என்விஎம்இ என்ற இன்னொரு எம்.2 வகை. அது இதில் தெரியவே தெரியாது. பெட்டியில் சாட்டா என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தே காசைக் கொடுங்கள்.

கேள்வி: பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் தேதி பல வருடம் பின்னால் போகிறது. இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன.

பதில்: போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, பழையதைக் கழற்றி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும். அப்டேட்டும் இதே காரணத்தால் நின்றுபோகலாம். மாற்றியதும் பயாஸில் தேதியைச் சரிசெய்து, பூட் வரிசையையும் ஒருமுறை பாருங்கள்.